காற்றிலிருந்து சோறு, காற்றிலிருந்து நஞ்சு: அறிவியலும் ஆன்ம வளர்ச்சியும் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மேல்நிலை வகுப்புக்கு வேதியியல் எடுக்கிறேன். வேதிச் சமநிலைப் பாடத்தில் ஹாபர் முறை வரும். நைட்ரஜனும் ஹைட்ரஜனும் சேர்ந்தால் அம்மோனியா. சமன்பாட்டை எழுதி, அழுத்தம், வெப்பநிலை, வினையூக்கி மூன்றையும் விளக்கினால் பாடம் முடிந்தது. மதிப்பெண்ணுக்கு அது போதும். ஒரு வருடம் அந்தப் பெயருக்குரிய மனிதரான ஃபிரிட்ஸ் ஹாபர் என்ற ஜெர்மன் வேதியியலாளரின் கதையையும் சேர்த்துச் சொன்னேன். அறிவியலுக்கும் ஆன்மிகத்துக்கும் நடுவில் இருக்கும் இழுபறியை அந்தக் கதை காட்டுகிறது என்றேன். மணி அடித்த பிறகும் பிள்ளைகள் எழுந்து போகவில்லை. அன்றிலிருந்து வருடா வருடம் சொல்கிறேன். மாணவர்கள், வீட்டில் அவர்கள் சொல்லக் கேட்ட பெற்றோர், சக ஆசிரியர்கள் என்று பலரும் திரும்பத் திரும்பக் கேட்டவை இங்கே இருக்கின்றன.

அறிவியலுக்கும் ஆன்மிகத்துக்கும் இழுபறி என்றால், கோயிலுக்கும் ஆய்வுக்கூடத்துக்கும் நடக்கும் சண்டையா?

அந்தச் சண்டையைப் பற்றி நான் பேசவில்லை. ராக்கெட் ஏவுவதற்கு முன் அதன் மாதிரியைத் திருப்பதிக்குக் கொண்டுபோய்ப் பூசை செய்கிற நாடு நம்முடையது. இரண்டும் ஒரே வீட்டில் குடியிருக்கப் பழகிவிட்டன.

ஆன்ம வளர்ச்சி என்று நான் சொல்வது இரண்டு விஷயங்களை. அடுத்தவருக்கு வலித்தால் அது நமக்கும் உறைக்க வேண்டும். அப்புறம், நம்மால் முடியும் என்று தெரிந்த ஒன்றை, கூடாது என்று மனதுக்குப் பட்டால் செய்யாமல் இருக்கும் தெம்பு வேண்டும். சாமி கும்பிடுகிறவருக்கும் கும்பிடாதவருக்கும் இது பொது.

அறிவு தலைமுறை தலைமுறையாகச் சேர்ந்துகொண்டே போகும், இந்தக் குணம் அப்படிச் சேராது. இழுபறி அங்கேதான் தொடங்குகிறது. ஒரு மேதை வருடக்கணக்கில் மண்டையை உடைத்துக்கொண்டு கண்டுபிடித்ததை நான் நாற்பது நிமிடத்தில் பதினாறு வயதுப் பிள்ளையிடம் கொடுத்துவிடுகிறேன். அந்தப் பிள்ளை அங்கிருந்து மேலே ஏறலாம். ஆனால் என் அப்பாவின் பொறுமையை எனக்கு யாரும் அப்படிக் கொடுக்க முடியவில்லை. நான் முதல் படியிலிருந்துதான் ஏற வேண்டியிருந்தது. என் மகளும் முதல் படியில்தான் நிற்கிறாள். அறிவு மாடிக்கு மேல் மாடி கட்டுகிறது, மனம் ஒவ்வொரு பிறப்பிலும் தரையிலிருந்து தொடங்குகிறது.

ஹாபர் அப்படி என்ன கண்டுபிடித்தார்?

காற்றில் நூற்றுக்கு 78 பங்கு நைட்ரஜன். பயிருக்கும் அதுதான் வேண்டும். ஆனால் காற்றிலிருக்கும் நைட்ரஜனை நெல்லோ கோதுமையோ நேராக எடுத்துக்கொள்ள முடியாது. இரண்டு நைட்ரஜன் அணுக்கள் மூன்று பிணைப்புகளால் ஒன்றையொன்று இறுக்கிப் பிடித்திருக்கும், லேசில் விடாது. அதனால் தொழுவுரம், பசுந்தாள் உரம், தென் அமெரிக்காவின் சிலியிலிருந்து கப்பலில் வரும் வெடியுப்பு என்று மனிதன் வேறு வழிகளைத் தேடிக்கொண்டிருந்தான். ஜனத்தொகை கூடிக்கொண்டே போகிறது, இந்த நைட்ரஜன் போதாது, பஞ்சம் வரும் என்று 1898-இல் வில்லியம் குரூக்ஸ் என்ற பிரிட்டிஷ் விஞ்ஞானி எச்சரித்தார்.

ஃபிரிட்ஸ் ஹாபர் 1909-இல் ஜெர்மனியின் கார்ல்ஸ்ரூ நகரில் அந்தப் பிடியை உடைத்துக் காட்டினார். கடும் அழுத்தம், கடும் சூடு, நடுவில் ஒரு வினையூக்கி. குழாயின் முனையில் சொட்டுச் சொட்டாக அம்மோனியா வந்தது. கார்ல் போஷ் அதைத் தொழிற்சாலை அளவுக்குப் பெரிதாக்கினார். 1913-இல் ஒப்பாவ் என்ற இடத்தில் முதல் ஆலை ஓடத் தொடங்கியது. இன்று உலக மக்களில் ஏறக்குறையப் பாதிப்பேரின் சாப்பாடு இந்த ஒரு வினையை நம்பியிருக்கிறது என்று கணக்கிட்டிருக்கிறார்கள்.

இது எனக்குப் புத்தகத்தில் படித்த செய்தி மட்டும் இல்லை. எங்கள் வீட்டில் நடவு முடிந்து பயிர் தூர் கட்டும் சமயத்தில் மேலுரம் போடுவோம். முதல்நாள் ராத்திரியே அப்பா திண்ணையில் சாக்கை விரித்து, யூரியாவையும் வேப்பம் புண்ணாக்கையும் கொட்டிக் கையாலேயே கலந்து மூடிவைப்பார். விடியற்காலையில் சாக்கைத் திறந்தால் மூக்கைச் சுருக்கென்று ஏற்றும் ஒரு நெடி வரும். அன்னக்கூடையை இடுப்பில் அணைத்துக்கொண்டு சேற்றில் இறங்கி, அரைவட்டமாகக் கையை வீசி இறைத்துக்கொண்டே போவார். நான் வரப்பில் நிற்பேன். நாலைந்து நாளில் வயல் நிறம் மாறிவிடும். அந்த நெடிதான் அம்மோனியா என்று பதினோராம் வகுப்பில் தெரிந்துகொண்டேன். நாங்கள் சாப்பிட்ட சோற்றில் ஹாபரின் கை இருக்கிறது.

அதே ஆள்தான் விஷவாயுவையும் கொண்டுவந்தாரா?

அதே ஆள்தான். 1914-இல் முதல் உலகப் போர் வந்தது. சிலி வெடியுப்பு ஜெர்மனிக்கு வரும் கடல்வழியைப் பிரிட்டிஷ் கப்பற்படை அடைத்துவிட்டது. உரத்துக்கு வேண்டிய அம்மோனியாவிலிருந்தே நைட்ரிக் அமிலமும் அதிலிருந்து வெடிமருந்தும் செய்தார்கள். சோறு போட வந்த கண்டுபிடிப்பு போரையும் இழுத்துக்கொண்டு போனது.

ஹாபர் அதோடு நிற்கவில்லை. குளோரினை ஆயுதமாக்கலாம் என்று ராணுவத்துக்கு யோசனை சொல்லி, போர்முனைக்கே போய் உருளைகளைப் பதிக்கும் வேலையை மேற்பார்த்தார். காற்று எதிரியின் பக்கம் திரும்பும்வரை காத்திருந்தார்கள். 1915 ஏப்ரல் 22 மாலை, பெல்ஜியத்தின் ஈப்ர நகருக்கு அருகே ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட உருளைகளைத் திறந்தார்கள். சுமார் 150 டன் குளோரின், ஆறு கிலோமீட்டர் நீளத்துக்கு, மஞ்சளும் பச்சையுமான ஒரு மூட்டமாகத் தரையோடு தவழ்ந்து போனது. காற்றைவிடக் கனமான வாயு அது, பதுங்குகுழிக்குள் தானாக இறங்கும். குண்டுக்குத் தப்பிக் குழிக்குள் இருந்தவன் அங்கேயே மாட்டிக்கொண்டான். நுரையீரலின் ஈரத்தில் குளோரின் பட்டதும் அமிலம் உண்டாகிறது, நுரையீரல் நீர் கோத்துக்கொள்கிறது. தரையில் இருந்துகொண்டே தண்ணீரில் மூழ்கிச் சாவது போன்ற சாவு.

இதைச் சொல்லும்போது வகுப்பில் ஒரு சத்தமும் இருக்காது.

அப்படியானால் அவர் கெட்டவர், அவ்வளவுதானே?

அப்படிச் சொல்லிவிட்டால் நமக்குச் சுலபம். நாம் கெட்டவர்கள் இல்லை என்று நினைத்துக்கொண்டு அடுத்த பாடத்துக்குப் போய்விடலாம்.

ஹாபர் நண்பர்களுக்கு உதவியவர், மாணவர்களை அன்பாக நடத்தியவர். சமாதான காலத்தில் விஞ்ஞானி உலகத்துக்குச் சொந்தம், போர்க்காலத்தில் நாட்டுக்குச் சொந்தம் என்பது அவருடைய நிலைப்பாடு. வாயுவால் போர் சீக்கிரம் முடியும், அதனால் மொத்தத்தில் உயிர்ச்சேதம் குறையும் என்றும் வாதாடினார். அது நடக்கவில்லை. சில மாதங்களில் எதிர்த்தரப்பும் வாயுவைத் தூக்கியது, போர் இன்னும் மூன்றரை வருடம் நீண்டது.

அவருக்குத் தெரியாதது எதுவும் இல்லை. குளோரின் நுரையீரலை என்ன செய்யும் என்று உலகத்திலேயே அவரைவிட நன்றாகத் தெரிந்தவர்கள் மிகச் சிலர். தெரிந்தது உறைக்கவில்லை. அறிவுக்கும் நெஞ்சுக்கும் நடுவில் இருக்க வேண்டிய வழி அவரிடம் அடைபட்டிருந்தது. மேதைக்கும் அது அடைபடும் என்பதுதான் என்னை இன்றைக்கும் பயமுறுத்துகிறது.

அவர் மனைவி தற்கொலை செய்துகொண்டாராமே?

கிளாரா இம்மர்வார். பிரெஸ்லாவ் பல்கலைக்கழகத்தில் வேதியியலில் முனைவர் பட்டம் வாங்கிய முதல் பெண், 1900-இல். கல்யாணத்துக்குப் பிறகு ஆராய்ச்சியை விட்டு வீட்டோடு ஒடுங்க வேண்டியதாயிற்று. ஈப்ர தாக்குதல் நடந்து பத்து நாள் கழித்து, 1915 மே 2 விடியற்காலையில், பெர்லினில் தங்கள் வீட்டுத் தோட்டத்தில் கணவரின் ராணுவத் துப்பாக்கியால் சுட்டுக்கொண்டார். பன்னிரண்டு வயது மகன் ஹெர்மன்தான் முதலில் பார்த்தது. ஹாபர் அடுத்த நாளே கிழக்குப் போர்முனைக்குக் கிளம்பிப் போனார்.

கிளாரா வாயு ஆராய்ச்சியை எதிர்த்தார் என்று சொல்கிறார்கள். ஆனால் அந்த மணவாழ்க்கையிலேயே வெகுநாள் வலி இருந்தது. ஒரே காரணத்தைப் பிடித்துக்கொண்டு அந்த அம்மாளை ஒரு சின்னமாக மட்டும் ஆக்குவது அவருக்கு நியாயம் செய்வதாகாது. அவரும் ஒரு விஞ்ஞானி என்பதை நினைவில் வைத்தால் போதும். கணவருக்குத் தெரிந்த வேதியியல் அவருக்கும் தெரியும்.

கத்தி காய் நறுக்கவும் செய்யும், கழுத்தறுக்கவும் செய்யும். கத்தி மேல் என்ன குற்றம்?

இந்தக் கேள்வி ஒவ்வொரு வருடமும் வரும். கத்திக்கு இது பொருந்தும். ஆனால் ஈப்ரவில் யாரோ ஒரு முரடன் விஞ்ஞானியின் கையிலிருந்து எதையும் பிடுங்கிப் பயன்படுத்தவில்லை. விஞ்ஞானியே யோசனை சொல்லி, அளவு போட்டு, உருளையைப் பதித்து, காற்றுக்குக் காத்திருந்தார். அறிவியலை நல்லவன் கண்டுபிடிப்பான், கெட்டவன் கெடுப்பான் என்ற கணக்கு அங்கே உடைந்துவிடுகிறது. இரண்டும் ஒரே தலைக்குள் நடந்தன.

கடவுள் பயம் இருந்திருந்தால் இது நடந்திருக்காது அல்லவா?

அந்தப் போரில் ஜெர்மன் வீரர்களில் பெரும்பாலோர் கட்டியிருந்த இடுப்புவாரின் பித்தளைக் கொக்கியில் ‘கடவுள் நம்மோடு இருக்கிறார்’ என்று பொறித்திருந்தது. எதிர்த்தரப்பிலும் தேவாலயங்களில் வெற்றிக்காகப் பிரார்த்தனை நடந்தது. இரண்டு பக்கமும் பக்தி இருந்தது.

நான் தினமும் விளக்கேற்றுகிறவன். மதத்தைக் குறைத்துச் சொல்லும் எண்ணம் எனக்கு இல்லை. ஆனால் வேதியியல் படித்துவிட்டால் மனம் வளர்ந்துவிடாது என்பது எவ்வளவு உண்மையோ, கோயிலுக்குப் போய்விட்டால் வளர்ந்துவிடாது என்பதும் அவ்வளவு உண்மை.

ஓப்பன்ஹைமர் அணுகுண்டு வெடித்தபோது கீதையை நினைத்தாரே, அது ஆன்மிகம் இல்லையா?

ஓப்பன்ஹைமர் அமெரிக்காவில் அணுகுண்டை உருவாக்கிய ஆய்வுக்கூடத்தின் தலைவர். அதற்கு முன் கலிபோர்னியாவில் பேராசிரியராக இருந்தபோது சமஸ்கிருதம் கற்று கீதையை மூலத்திலேயே படித்தவர். 1945 ஜூலை 16 சோதனை வெடிப்பைப் பார்த்தபோது, உலகங்களை அழிக்க வந்தவன் நானே என்ற பொருள்படும் வரி நினைவுக்கு வந்தது என்று 1965-இல் தொலைக்காட்சியில் சொன்னார். அந்த முகத்தில் இருக்கும் வேதனையைப் பார்த்தால் மனம் கனத்துப்போகும்.

ஆனால் அதே 1945 ஜூன் 16-ஆம் தேதி அவரும் இன்னும் மூன்று விஞ்ஞானிகளும் அரசுக்கு ஓர் அறிக்கை கொடுத்தார்கள். குண்டை நேரடியாகப் போரில் பயன்படுத்துவதைத் தவிர ஏற்கத்தக்க வேறு வழி எங்களுக்குத் தெரியவில்லை என்றது அது. பின்னாளில் ஹைட்ரஜன் குண்டு வேண்டாம் என்று எதிர்த்து நின்றார், அதற்காக அவமானமும் பட்டார். அதை மறந்துவிடக் கூடாது. உயர்ந்த வரிகள் தெரிந்திருப்பதும் அவை தக்க நேரத்தில் கையைப் பிடித்து நிறுத்துவதும் வேறு வேறு என்பதற்கு மட்டும் இதைச் சொல்கிறேன்.

யாராவது மாறினார்களா? மனம் வளர்ந்ததற்கு ஓர் உதாரணமாவது உண்டா?

உண்டு. என்னைக் கேட்டால், ஹாபர் கதையிலேயே மிக முக்கியமான ஆள் ஜேம்ஸ் ஃபிராங்க் என்ற ஜெர்மன் இயற்பியலாளர்.

ஹாபர் தன் வாயுப் பிரிவுக்கு இளம் விஞ்ஞானிகளைச் சேர்த்தார். இயற்பியலாளர் மாக்ஸ் போர்ன் முடியாது என்று சொல்லிவிட்டார். வேதியியலாளர் ஓட்டோ ஹான் போனார், ஃபிராங்கும் போனார். கிழக்கு முனையில் வாயு பட்டுத் துடித்த ரஷ்ய வீரர்களைக் கண்ணெதிரே பார்த்தபோது வெட்கிப்போனதாகவும், தங்கள் சுவாசக் கருவியைக் கொடுத்துக் காப்பாற்ற முயன்று முடியாமல் போனதாகவும் ஹான் பின்னாளில் எழுதினார். கவனியுங்கள், வாயுவை விட்டவர்களே ஓடிப்போய் மூச்சுக் கொடுக்கிறார்கள். உறைக்கும் தருணம் என்று நான் சொல்வது அதைத்தான். ஹானுக்கு அது காரியம் முடிந்த பிறகு வந்தது.

ஃபிராங்க் 1925-க்கான நோபல் பரிசு பெற்றார். 1933-இல் ஹிட்லர் ஆட்சி யூதர்களை அரசு வேலையிலிருந்து நீக்கியது. ஃபிராங்க் யூதர்தான். ஆனால் முந்தைய போரில் முனையில் நின்றவர் என்பதால் அவருக்கு விலக்கு இருந்தது, பேசாமல் நாற்காலியில் உட்கார்ந்திருக்கலாம். அவர் வெளிப்படையாகக் கண்டித்துவிட்டு ராஜினாமா செய்தார். பிறகு அமெரிக்கா போனார். சிகாகோவில் அணுகுண்டுத் திட்டத்தில் சேரும்போது ஒரு நிபந்தனை வைத்தார்: குண்டு தயாராகிப் பயன்படுத்தும் கட்டம் வந்தால், என் கருத்தை மேலிடத்தில் சொல்ல எனக்கு வாய்ப்பு வேண்டும்.

1915-இல் கேட்காமல் போன கேள்வியை இந்த முறை வேலையில் சேரும்போதே கேட்டுக்கொண்டார்.

அந்த வாய்ப்பை மறக்கவும் இல்லை. 1945 ஜூன் 11 தேதியிட்ட ஓர் அறிக்கை அவர் தலைமையில் தயாரானது, ஏழு பேர் கையெழுத்திட்டார்கள். ஜப்பான் மீது முன்னறிவிப்பு இல்லாமல் குண்டு போடாதீர்கள், ஆளில்லாத பாலைவனத்திலோ வெறுந்தீவிலோ உலகப் பிரதிநிதிகளுக்கு முன்னால் வெடித்துக் காட்டுங்கள், இல்லாவிட்டால் அணு ஆயுதப் போட்டி தொடங்கிவிடும் என்றது அது. ஃபிராங்கே அதை வாஷிங்டனுக்கு எடுத்துக்கொண்டு போனார். ஏற்கவில்லை. ஆகஸ்ட் 6 ஹிரோஷிமா, 9 நாகசாகி. ஆயுதப் போட்டியும் அவர்கள் சொன்னபடியே வந்தது.

ஏற்கவில்லை என்றால் என்ன பிரயோஜனம்?

என் மாணவி ஒருத்தி இதைக் கேட்டபோது கொஞ்ச நேரம் எனக்குப் பதில் வரவில்லை. அப்புறம் ஜோசஃப் ராட்பிளாட்டைப் பற்றிச் சொன்னேன்.

போலந்து நாட்டு இயற்பியலாளர். இரண்டாம் உலகப் போர் மூண்டபோது அவர் இங்கிலாந்தில் இருந்தார், மனைவி டோலா போலந்தில் மாட்டிக்கொண்டார். டோலா திரும்பவே இல்லை, நாஜிகளின் இன அழிப்பில் இறந்துபோனார். ஹிட்லர் முதலில் குண்டு செய்துவிடக் கூடாது என்ற பயத்தில்தான் ராட்பிளாட் அமெரிக்காவின் அணுகுண்டு ஆய்வுக்கூடம் இருந்த லாஸ் அலமாஸுக்குப் போனார். 1944 கடைசியில் ஜெர்மனியிடம் குண்டு இல்லை, செய்யவும் போவதில்லை என்று தெரிந்தது. சரி, நான் வந்த காரணம் முடிந்தது என்று கிளம்பிவிட்டார். உளவாளி என்று சந்தேகப்பட்டார்கள். மற்றவர்கள் ஏன் கிளம்பவில்லை என்று பின்னாளில் எழுதும்போது, பலருக்கும் ‘முதலில் சோதனை நடக்கட்டும், வேலை செய்கிறதா பார்ப்போம், விவாதம் அப்புறம்’ என்ற ஆவல்தான் என்றார். எனக்கு அந்த ஆவல் தெரியும். சோதனைக்குழாயில் நிறம் மாறப்போகும் அந்த நொடியில் யார் கூப்பிட்டாலும் திரும்பத் தோன்றாது.

லண்டன் போய் மருத்துவ இயற்பியலுக்கு மாறினார். 1957-இல் கனடாவின் பக்வாஷ் என்ற சிறிய கிராமத்தில், பகை நாடுகளின் விஞ்ஞானிகளை ஒரே மேஜையில் உட்காரவைத்த கூட்டம் நடக்க முன்னின்று உழைத்தார். அப்புறம் நாற்பது வருடம் அதே வேலை. 1995-இல் அவருக்கும் அந்த இயக்கத்துக்கும் சேர்த்து அமைதிக்கான நோபல் கொடுத்தார்கள். மருத்துவர்கள் எடுப்பது போல விஞ்ஞானிகளும் உறுதிமொழி எடுக்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டே இருந்தார். ஃபிராங்கின் காகிதம் 1945-இல் தோற்றது. ஆனால் விஞ்ஞானி வாயைத் திறக்கலாம் என்ற வழக்கம் அந்தத் தலைமுறையோடுதான் வேர் பிடித்தது.

விஞ்ஞானிகள் சேர்ந்து தாங்களே ஒரு வேலையை நிறுத்தியது உண்டா?

உண்டு. ஓர் உயிரின் மரபணுவை இன்னொன்றில் ஒட்டும் நுட்பம் கைக்கு வந்த புதிதில், 1974-இல், பால் பெர்க் உள்ளிட்ட விஞ்ஞானிகள் சிலவகைச் சோதனைகளைத் தற்காலிகமாக நிறுத்துவோம் என்று வெளிப்படையாகக் கடிதம் எழுதினார்கள். 1975 பிப்ரவரியில் கலிபோர்னியாவின் அசிலோமாரில் கூடி, பாதுகாப்பு விதிகளை வகுத்துக்கொண்டு, பிறகு தொடர்ந்தார்கள். அறிவியல் நின்றுபோகவில்லை. சந்தியில் வண்டியை நிறுத்தி இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுக் கிளம்பியது, அவ்வளவுதான்.

பேசாமல் இந்த வளர்ச்சியே வேண்டாம், பழையபடி இருக்கலாம் என்றால்?

பாதிப்பேர் பட்டினி கிடப்பார்கள். அந்தப் பாதியில் யார் யார் என்று சொல்லும் தைரியம் எனக்கு இல்லை.

என் மகன் அறிவியல் படிக்கப் போகிறான். நான் என்ன சொல்லி அனுப்புவது?

நான் வகுப்பில் செய்வதைச் சொல்கிறேன். ஒவ்வொரு சோதனைக்கு முன்பும் மூன்று கேள்வி கேட்கச் சொல்வேன். இதிலிருந்து என்ன வெளியே போகிறது? அது யார் மூக்கில் ஏறும்? அந்த ஆள் இந்த அறையில் இருக்கிறாரா? குளோரின் தயாரித்துக் காட்டும் நாளில் மூன்றாவது கேள்விக்குப் பிள்ளைகள் ஜன்னலைப் பார்ப்பார்கள். ஜன்னலுக்கு வெளியே சத்துணவுக் கூடம் இருக்கிறது, அங்கே சமைக்கும் அக்கா இருக்கிறார். ஒருமுறை ஒரு பையன் எழுந்து போய்க் காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று பார்த்துவிட்டு வந்து, ‘சார், இன்னைக்கு வேண்டாம் சார்’ என்றான். சரி என்று அன்றைக்கு விட்டுவிட்டேன். ஹாபரும் காற்றின் திசையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

அப்பாவும் சொல்வார். மேலுரம் போடும்போது, ‘கை ஒரு பிடி கூடிப்போனா பயிர் கருகருன்னு நல்லாத்தான் நிக்கும். அப்புறம் புகையான் பூச்சி வந்து உக்காந்துக்கும்.’ பக்கத்து வயல் தன் வயலைவிடப் பச்சையாக இருப்பதைப் பார்த்துக்கொண்டே கையை அடக்குவது எவ்வளவு கஷ்டம் என்று அவர் முகத்தில் பார்த்திருக்கிறேன்.

ஹாபர் கடைசியில் வருந்தினாரா?

வாயுவுக்காக அவர் பகிரங்கமாக வருந்தவில்லை. போர் முடிந்தபின் 1918-க்கான நோபல் பரிசு அம்மோனியாவுக்காக அவருக்குக் கிடைத்தது. பல விஞ்ஞானிகள் கொதித்தார்கள். தோற்ற ஜெர்மனி கட்ட வேண்டியிருந்த போர் இழப்பீட்டை அடைக்கக் கடல்நீரிலிருந்து தங்கம் பிரிக்கப் பல வருடம் பாடுபட்டார், நடக்கவில்லை. 1933-இல் அவர் அவ்வளவு நேசித்த நாடு, உன் நிறுவனத்திலிருக்கும் யூதர்களை வெளியேற்று என்றது. அவரும் யூதராகப் பிறந்தவர். மறுத்து, பதவி விலகி, நாட்டைவிட்டு வெளியேறினார். அந்த மறுப்பை நான் அவர் கணக்கில் வரவு வைக்கிறேன். 1934 ஜனவரி 29-இல் சுவிட்சர்லாந்தின் பாசல் நகரில் இதயம் நின்று இறந்தார். பூச்சிமருந்தாக அவருடைய நிறுவனத்து ஆராய்ச்சிகளின் தொடர்ச்சியில் உருவான சைக்ளான் பி என்ற நஞ்சைத்தான் பின்னர் நாஜிகள் ஆஷ்விட்ஸ் முகாமில் மனிதர்கள் மேல் பயன்படுத்தினார்கள். அவருடைய உறவினர்கள் சிலரும் அந்த முகாம்களில் மாண்டார்கள். அதைப் பார்க்க அவர் இல்லை.

சாவதற்கு முன் ஒன்று கேட்டுக்கொண்டார்: கிளாராவுக்குப் பக்கத்தில் என்னை அடக்கம் செய்ய வேண்டும். அன்று தோட்டத்தில் அம்மாவைக் கண்ட மகன் ஹெர்மன், 1937-இல் அம்மாவை பெர்லினிலிருந்து கொண்டுவந்து அப்பாவுக்குப் பக்கத்தில் வைக்க ஏற்பாடு செய்தார். பாசலில் ஒரே கல்லில் இரண்டு பெயரும் இருக்கின்றன.